கைப்பேசி இயங்குதளங்களில் ‘திறந்த’, ‘மூடிய’ என்னும் பகுப்பு: கங்கைகொண்டானை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிச் செயலியாக்கம் பற்றிய தமிழ் எழுத்துகளில் ஆண்டிராய்டைத் ‘திறந்த தளம்’ என்றும் ஐஓஎஸ்ஸை ‘மூடிய தளம்’ என்றும் குறிப்பது வழக்கமாகிவிட்டது. மூலநிரலின் உரிமத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட இப்பகுப்பு, தமிழில் செயலி செய்வோர் எதிர்கொள்ளும் தடைகளைக் காட்டத் தவறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். எழுத்துரு, விசைப்பலகை, செயலிக்கடை, கட்டண வழி என்னும் அடுக்குகளில் திறப்பும் அடைப்பும் எங்கெங்கு நிகழ்ந்தன என்பதை மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் வழக்கு, செல்லினம் முதலிய சான்றுகளைக் கொண்டு இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், செயலிக்கடை, திறமூலம், தமிழ்க் கணிமை, போட்டிச் சட்டம், கங்கைகொண்டான்

முன்னுரை

திருநெல்வேலிக்கு வடக்கே மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கங்கைகொண்டான், முதலாம் இராசேந்திர சோழனின் விருதுப்பெயரை நினைவூட்டும் ஊர். இன்று அப்பெயர் சிப்காட் தொழில் வளாகத்தையே பலருக்கும் நினைவுபடுத்துகிறது. டயர், குளிர்பானம், அண்மையில் சூரிய மின்கலம் என வெவ்வேறு பொருள்கள் அங்கு உருவாகின்றன. அவ்வூரிலேயே எல்காட் நிறுவனம் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒன்றை அமைத்துள்ளது. சோழிங்கநல்லூர், விளாங்குறிச்சி, இலந்தைக்குளம், வடபழஞ்சி, நாவல்பட்டு ஆகிய இடங்களில் உருவான மண்டலங்களின் வரிசையில் இதுவும் ஒன்று. மென்பொருள் வேலை சென்னையோடு நின்றுவிடாமல் மாவட்டங்களுக்கும் பரவ வேண்டும் என்பது இத்திட்டங்களின் அடிப்படை எண்ணம்.

நிலமும் கட்டடமும் மின்சாரமும் இணைய இணைப்பும் கிடைத்தால் தொழில் வளரும் என்னும் நம்பிக்கை இவ்வெண்ணத்தில் பொதிந்துள்ளது. டயருக்கு அது பொருந்தும். ஆலையை விட்டு வெளியேறும் டயர் நான்கு வழிச்சாலையில் எந்தத் திசையிலும் போகலாம். எந்தக் கடையிலும் விற்கலாம். அதே ஊரில் அமர்ந்து ஒருவர் எழுதும் செயலிக்கு நடைமுறையில் வாயில்கள் இரண்டே. ஒன்று கூகுளின் பிளே ஸ்டோர், மற்றொன்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர். இந்தியத் திறன்பேசிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆண்டிராய்டில் இயங்குவதால், இவ்விரண்டிலும் முதலாவதே பெருவாயில். அவ்வாயில் ‘திறந்த தளம்’ எனப்படும் ஒன்றின் வாயிலாக இருப்பதுதான் ஆராயத்தக்க முரண்.

சொல்லும் பொருளும்

‘தளம்’ என்னும் சொல் தமிழில் சமதரையையும் குறிக்கும், மாடிக் கட்டடத்தின் ஓர் அடுக்கையும் குறிக்கும். கணிமை எழுத்துகள் முதற்பொருளையே எடுத்துக்கொண்டன. இயங்குதளம் என்றால் எல்லாரும் நின்று வேலை செய்யும் ஒரே சமதரை என்ற படிமம் உருவாயிற்று. அத்தரை ஒன்று திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். இரண்டாம் பொருளைக் கொண்டிருந்தால் கேள்வி வேறாக எழுந்திருக்கும்: எந்த அடுக்கு திறந்திருக்கிறது, எந்த அடுக்குக்குப் படிக்கட்டில் பூட்டு இருக்கிறது?

‘கட்டற்ற’, ‘திறந்த’, ‘இலவச’ என்னும் மூன்றையும் தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் தொடக்கத்திலிருந்தே பிரித்துப் பேசி வந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மயங்கிக் கிடக்கும் விடுதலையையும் விலையின்மையையும் ‘கட்டற்ற’, ‘இலவச’ எனத் தமிழ் எளிதில் பிரித்துவிட்டது. பெருமைக்குரிய கலைச்சொல்லாக்கம் இது. ஆனால் இத்தெளிவு முழுவதும் மென்பொருளின் உரிமம் பற்றியது. கைப்பேசி வந்தபின், உரிமத்திற்கு அப்பால் பகிர்வு, ஒப்புதல், கட்டணம் என்று அதிகாரம் இடம் மாறியபோது கலைச்சொற்கள் அதனுடன் நகரவில்லை. விளைவாக, மூலநிரல் அப்பாச்சி உரிமத்தில் வெளிவருகிறது என்ற ஒரே காரணத்தால் ஆண்டிராய்டு முழுமையும் ‘திறந்தது’ ஆகிவிட்டது.

2007 நவம்பரில் ஆண்டிராய்டு அறிவிக்கப்பட்டபோது அச்சொல்லுக்கு நியாயம் இருந்தது. லினக்ஸ் கருவின்மேல் எழுந்த ஓர் இயங்குதளத்தை எந்தக் கைப்பேசி நிறுவனமும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது அன்று பெரிய செய்தி. அதே ஆண்டு சூனில் விற்பனைக்கு வந்த ஐபோனில் வெளியார் எழுதும் செயலிகளுக்கே இடமில்லை. 2008 சூலையில்தான் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. ஒப்பீடு இயல்பாகவே பிறந்தது. பிறகு இரு தளங்களும் பெருமளவு மாறின. ஒப்பீடு மட்டும் பாடநூல் வாய்பாடாக உறைந்தது.

எழுத்து அடுக்கு: எதிர்பாரா வரிசை

தமிழை மையமாக வைத்துப் பார்க்கும்போது இவ்வாய்பாடு முதலில் உடைவது எழுத்துத் தோற்றத்தில். கங்கைகொண்டான் என்னும் ஊர்ப்பெயரே நல்ல சோதனைச் சொல். ஒருங்குறியில் ‘கை’ என்பது ககரமும் அதன்பின் ஐகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் குறி முன்னே வரவேண்டும். ‘கொ’வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். இவ்வரிசை மாற்றத்தைச் செய்யும் பொறி இயங்குதளத்தின் உள்ளே இல்லையென்றால் சொல் சிதறும். எழுத்துருவே இல்லையென்றால் வெறும் கட்டங்கள் தோன்றும்.

ஆண்டிராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் பயனர்கள் கண்டவை பெரும்பாலும் அக்கட்டங்களே. ஒபேரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாக மாற்றிக் காட்டும் தேர்வை இயக்கித் தமிழ்த் தளங்களைப் படித்த காலம் அது. செயலி எழுதியோர் பழைய குறியாக்க எழுத்துருக்களைச் செயலிக்குள்ளேயே பொதிந்து, ஒருங்குறியை அதற்கு மாற்றிக் காட்டினர். 2011, 2012 ஆண்டுகளில், நான்காம் பதிப்பை ஒட்டியே இந்நிலை சீராயிற்று. மறுபுறம், ஆப்பிளின் கணினிகளில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘இணைமதி’ முதலான எழுத்துருக்கள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. அவ்வழியில் ஐபோனும் தமிழை ஒழுங்காகக் காட்டியது.

மூலநிரல் திறந்திருந்த தளத்தில் தமிழ் சிதறிக் கிடந்தது. பூட்டிய தளத்தில் செம்மையாக நின்றது. இதற்குக் காரணம் எளியது. மூலநிரல் எல்லாருக்கும் கிடைத்தாலும் அதில் தமிழ்ப் பொறியைச் சேர்த்து, அதைக் கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்கு அனுப்பும் ஆற்றல் கூகுளுக்கும் கைப்பேசி நிறுவனங்களுக்கும் மட்டுமே இருந்தது. திருத்தும் உரிமை ஒரு தனி நிரலாளரிடம் இருந்தது. திருத்தியதைப் பிறர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழி இல்லை. திறமூலம் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் இவ்விடைவெளியைப் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகின்றன.

விசைப்பலகை அடுக்கு

உள்ளீட்டில் நிலை தலைகீழ். 2009-இல் வந்த ஆண்டிராய்டு 1.5 பதிப்பிலிருந்தே வெளியார் எழுதிய விசைப்பலகைகள் கைப்பேசி முழுவதும் இயங்கலாம் என்ற வசதி கிடைத்தது. ஐஓஎஸ்ஸில் இது 2014-இல் எட்டாம் பதிப்பில்தான் வந்தது. சாவா கைப்பேசிகளின் காலத்தில், 2005-ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம் இவ்வேறுபாட்டை உடலில் சுமந்த செயலி. ஐபோனின் தொடக்க ஆண்டுகளில் அச்செயலிக்குள்ளே தமிழைத் தட்டி, பிறகு வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. எட்டாம் பதிப்பிற்குப் பின்னரும் கடவுச்சொல் கட்டங்களில் வெளியார் விசைப்பலகை தோன்றாது. இணையத்தைத் தொட வேண்டுமானால் பயனரின் தனி ஒப்புதல் வேண்டும். விசைப்பலகை என்பது பயனர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அறியக்கூடிய கருவி என்பதால், இக்கட்டுப்பாட்டை வெறும் அதிகாரச் செருக்கு என ஒதுக்குவது நேர்மையாகாது. பூட்டுக்கும் ஒரு பயன் உண்டு.

திறந்த மூலநிரல் நேரடியாகப் பயன்பட்ட இடமும் இவ்வடுக்கே. ஆண்டிராய்டின் சொந்த விசைப்பலகையின் நிரலை எடுத்து, அதில் இந்திய மொழிகளுக்கான விசையமைப்புகளைச் சேர்த்து ‘இண்டிக் கீபோர்டு’ உருவாயிற்று. கேரளத்தின் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் இம்முயற்சியில் தமிழும் இடம்பெற்றது. அடிப்படையிலிருந்து எழுதவேண்டிய தேவையின்றி ஒரு தன்னார்வக் குழு பல மொழிகளுக்குப் பயன்படும் கருவியை ஆக்க முடிந்தது. ஐஓஎஸ்ஸில் இத்தகைய கிளைப்புக்கு அடிமரமே கிடையாது.

கடையும் கட்டணமும்

மேற்கண்ட இரு அடுக்குகளும் செயலி இயங்குவது பற்றியவை. செயலி பயனரை அடைவதும், அதன்வழி நிரலாளர் வருவாய் ஈட்டுவதும் வேறு அடுக்குகள். ‘திறந்த தளம்’ என்னும் சொல் மிகுதியாகத் தவறு செய்வது இங்கேதான்.

சென்னையை இடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் கதை இதற்குத் தக்க சான்று. முருகவேல் ஜானகிராமன் நிறுவிய இதன் பாரத் மேட்ரிமோனியும் அதன் மொழிவழிப் பிரிவுகளும் தமிழ்நாட்டு இல்லங்களில் அறிமுகம் தேவையற்றவை. கூகுளோடு இதன் பூசல் கைப்பேசிச் செயலியில் தொடங்கவில்லை. கூகுள் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டுகிறது என்று 2012-இல் இந்நிறுவனமும் கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டன; 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

2022 அக்டோபரில் ஆணையம் ஐந்து நாள் இடைவெளியில் இரு ஆணைகளை வெளியிட்டது. 20-ஆம் நாள் ஆணை ஆண்டிராய்டு ஒப்பந்தங்களைப் பற்றியது, தண்டம் 1,337.76 கோடி ரூபாய். 25-ஆம் நாள் ஆணை பிளே ஸ்டோரின் கட்டணக் கொள்கையைப் பற்றியது, தண்டம் 936.44 கோடி. முதல் ஆணை திறந்த தளத்தின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணமாகவே படிக்கத்தக்கது. மூலநிரல் எவருக்கும் உரியது. ஆயினும் பிளே ஸ்டோரும், வரைபடம், அறிவிக்கை முதலிய சேவைகளைச் செயலிகளுக்கு வழங்கும் பிளே சர்வீசஸ் என்னும் கூகுளின் தனியுரிமைப் பகுதியும் ஒப்பந்தத்தின்பேரிலேயே கிடைக்கும். அவ்வாணையின் காலத்தில், அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட்ட கைப்பேசி நிறுவனம் கூகுளின் செயலிகளைத் தொகுப்பாக முன்னிறுவ வேண்டியிருந்தது. ஆண்டிராய்டைத் தன் விருப்பப்படி கிளைத்து வேறு கருவியில் விற்க இயலாதிருந்தது. கொடுத்த உரிமையை மற்றோர் ஒப்பந்தத்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது.

இக்கட்டுகளை அவிழ்க்க ஆணையம் பல கட்டளைகள் இட்டது. கூகுளின் மேல்முறையீட்டில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சு 29 அன்று தண்டத்தை உறுதிசெய்தது. ஆனால் நான்கு கட்டளைகளை நீக்கியது. பிற செயலிக்கடைகளைப் பிளே ஸ்டோர் வழியாகவே வழங்க இடமளித்தல், கடைக்கு வெளியிலிருந்து நிறுவுவதைத் தடுக்காதிருத்தல், பிளே சர்வீசஸ் இடைமுகங்களைப் பிறர்க்கு மறுக்காதிருத்தல், முன்னிறுவிய செயலிகளை நீக்க விடுதல் என்பன அவை. நிரலாளர் நோக்கில் முதல் மூன்றும் இன்றியமையாதவை. பணத்தண்டம் நின்று, வாயிலைத் திறக்கும் கட்டளைகள் வீழ்ந்த இத்தீர்ப்பு தமிழ்க் கணிமை எழுத்துகளில் போதிய கவனம் பெறவில்லை.

இரண்டாம் ஆணைக்குப்பின் கூகுள் ஒரு மாற்றுவழியை முன்வைத்தது. நிரலாளர் தம் சொந்தக் கட்டண வழியையும் பயனர்க்குக் காட்டலாம். அவ்வழியே பணம் வந்தால் கூகுளின் பங்கு நான்கு விழுக்காட்டுப் புள்ளி குறையும். 15 விழுக்காடு 11 ஆகும், 30 விழுக்காடு 26 ஆகும். மாற்று வழியிலும் பெரும்பங்கு வாயிற்காவலருக்கே. இந்தியாவில் 2020 சனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்திற்கு வணிகரிடம் கட்டணம் கிடையாது. பாளையங்கோட்டைச் சந்தையில் நூறு ரூபாய்க் காய்கறிக்கு யுபிஐ வழியே நூறு ரூபாயும் கடைக்காரருக்குச் சேரும். அதே யுபிஐ வழியே ஒரு செயலிக்குள் நூறு ரூபாய் மின்னூல் விற்றால் பதினொன்றாவது போய்விடும். கடையின் பராமரிப்பு, பாதுகாப்புச் சோதனை, உலகளாவிய பகிர்வு ஆகியவற்றுக்கான ஈடு அது என்பது கூகுளின் வாதம். மின்பொருள் விற்காத பெரும்பான்மைச் செயலிகள் எதுவும் செலுத்துவதில்லை என்பதையும் அது சுட்டுகிறது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவ்விலையைப் பேசி முடிவுசெய்ய மறுதரப்புக்கு இடமில்லை என்பதே பூசலின் மூலம்.

மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடின. 2023 ஆகஸ்டு 3 அன்று தனி நீதிபதி, இப்பொருள் போட்டிச் சட்டத்தின்கீழ் ஆணையம் ஆராய வேண்டியது என்னும் அடிப்படையில் பதினான்கு நிறுவனங்களின் வழக்குரைகளை நிராகரித்தார். 2024 சனவரி 19 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் மேல்முறையீடுகளைத் தள்ளியது. பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கவில்லை. மார்ச்சு 1 அன்று கூகுள், கட்டணம் செலுத்தாதவை எனத் தான் கூறிய பத்து நிறுவனங்களின் செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து அகற்றியது. பாரத் மேட்ரிமோனியும், இந்திய மொழிகளில் இயங்கும் ‘ஜோடி’யும் அவற்றுள் அடங்கும். ஒன்றிய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தலையிட்டபின், 5-ஆம் நாள் அவை தற்காலிகமாகத் திரும்பச் சேர்க்கப்பட்டன. மின்கட்டணக் கொள்கைக்கான தண்டத்தைத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது.

இவ்வரிசையில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வெற்றி தோல்வி பற்றிய கணக்கன்று. அச்செயலிகள் ஐந்து நாள் காணாமல்போனபோது ஆண்டிராய்டின் மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தளம் முன்போலவே ‘திறந்தே’ இருந்தது. அவற்றைத் திரும்பக் கொணர்ந்தது உரிமமோ தொழில்நுட்பமோ நீதிமன்றமோ அன்று. ஓர் அமைச்சரின் அழைப்பு. அவ்வழைப்பைப் பெறும் அளவுக்குப் பெரிய நிறுவனங்களுக்கே அது வாய்த்தது.

சிறியவர் முன்னுள்ள வாயில்

கங்கைகொண்டானிலோ நெல்லை நகரிலோ ஒருவர் தனியாகச் செய்யும் அகராதிச் செயலி பெரும்பாலும் பணம் வாங்காது. ஆகவே 15, 30 விழுக்காடு என்னும் பூசல் அவருக்குத் தொலைவானது. அவரைத் தொடும் விதிகள் வேறு. கூகுளில் பதிவுக்கட்டணம் ஒருமுறை 25 டாலர்; ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். ஆப்பிளுக்குச் செலுத்தத் தவறினால் செயலி கடையில் நில்லாது. 2023 நவம்பர் 13-க்குப் பின் தனிநபராகப் பிளே ஸ்டோரில் பதிபவர், செயலியை வெளியிடுமுன் இருபது பேரைக் கொண்டு தொடர்ந்து பதினான்கு நாள் சோதித்துக் காட்டவேண்டும் என்றாயிற்று. பிறகு இருபது பன்னிரண்டாகக் குறைந்தது. பெருநிறுவனத்திற்கு இது ஒரு பொருட்டன்று. தனியொருவர் உறவினரையும் நண்பரையும் கெஞ்சித் திரட்டவேண்டும்.

இதைவிட நுண்ணிய விதி ஒன்றுண்டு. செயலி எந்த ஆண்டிராய்டுப் பதிப்பை இலக்காகக் கொண்டு தொகுக்கப்பட்டது என்பதைக் கூகுள் ஆண்டுதோறும் உயர்த்திக் கேட்கிறது. பழைய இலக்கிலேயே நின்றுவிட்ட செயலி, புதிய கைப்பேசி வாங்கியோர்க்குக் கடையில் தென்படாது. ஆப்பிளும் நெடுங்காலம் புதுப்பிக்கப்படாத செயலிகளை அகற்றுகிறது. பாதுகாப்புக் காரணம் உண்மையானது. ஆனால் தமிழில் ஆர்வத்தால் ஒருமுறை செய்து வைக்கப்பட்ட திருக்குறள், நிகண்டு, இலக்கண, பழமொழிச் செயலிகளுக்கு இவ்விதி மெல்லக் கொல்லும் நோய். ஓலைச்சுவடியைக் கறையானும் காலமும் அழித்தன. இவற்றை ஒரு நிறுவனத்தின் ஆண்டு நாட்காட்டி அழிக்கிறது.

திறப்பின் உண்மையான பயன் இங்கே வேறோரிடத்தில் தென்படுகிறது. செயலியின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் பொதுக் களஞ்சியத்தில் இருந்தால், செய்தவர் விலகினாலும் வேறொருவர் அதை எடுத்துப் புதிய இலக்குக்குத் தொகுக்கலாம். இல்லையேல் செயலி செய்தவரோடு முடியும். எனவே தமிழ்ச் செயலியின் ஆயுளை முடிவு செய்வதில், தளம் திறந்ததா என்பதைவிடச் செயலி திறந்ததா என்பதே கூடுதல் கனமுள்ள கேள்வி. தளத்தின் திறப்பு அதற்குத் துணைநிற்கிறதா, தடுக்கிறதா என்பது அடுத்து வரும். ஆண்டிராய்டில் எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியம் கட்டற்ற செயலிகளை மூலத்திலிருந்தே தொகுத்து வழங்கிவருகிறது. ஐஓஎஸ்ஸிலோ கடையின் விதிமுறைகளே சில கட்டற்ற உரிமங்களோடு மோதின. 2010-இல் குனு கோ விளையாட்டும், 2011 தொடக்கத்தில் விஎல்சி இயக்கியும் இம்மோதலால் ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கின. விஎல்சி உரிமத்தை மாற்றிக்கொண்டே திரும்பியது. பொது உரிமத்தில் தம் படைப்பை வெளியிட விரும்பும் தமிழ் நிரலாளர்க்கு இது ஏட்டுச் செய்தியாகாது. மூடிய தளம் என்னும் குற்றச்சாட்டு முழு வலிமையோடு நிற்பது இவ்விடத்தில்தான்.

மதகு என்னும் ஒப்புமை

கங்கைகொண்டான் சிப்காட்டுக்குத் தாமிரவருணியிலிருந்து நீர் வருகிறது. அங்குள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் வழங்குவதை எதிர்த்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்து தடையை விலக்கியது. அவ்வழக்கில் ஆறு யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆறு பொது. மதகை எப்போது, யாருக்கு, எந்த விலைக்குத் திறப்பது, அம்முடிவை எங்கே எதிர்த்துக் கேட்பது என்பவையே வழக்கு. அணைக்கட்டும் காலும் மடையும் கொண்டு பாசனம் செய்து பழகிய இப்பள்ளத்தாக்கில், நீர் பொது என்பதும் நீர் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல என்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கடைமடைக்காரர் நன்கறிவார்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. நீர் எடுக்க எடுக்கக் குறையும், நிரல் குறையாது. ஆற்றுக்கு மாற்று ஆறு இல்லை. கடைக்கு மாற்றுக் கடை சாத்தியம். போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர், தமிழ் உட்படப் பன்னிரண்டு இந்திய மொழிகளில் இயங்குகிறது. நிரலாளர் எந்தக் கட்டண வழியையும் பயன்படுத்த விடுகிறது. ஆயினும் அதைப் பிளே ஸ்டோரில் தேடி நிறுவ முடியாது. கைப்பேசி நிறுவனம் முன்னிறுவித் தரவேண்டும், அல்லது பயனர் எச்சரிக்கைப் பெட்டிகளைக் கடந்து தாமே இறக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு ஆணையத்தின் நீக்கப்பட்ட கட்டளைகள் இவ்வெச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றியனவே.

மதகுக்கு நீர்வளத் துறை உண்டு, ஆட்சியர் உண்டு, குறைதீர் நாள் உண்டு, நீதிமன்றம் உண்டு. அவற்றின் குறைகள் ஊரறிந்தவை. எனினும் கேட்க ஓரிடம் இருக்கிறது. கணக்கு முடக்கப்பட்ட தனி நிரலாளர்க்கு எஞ்சுவது ஓர் இணையப் படிவம். ‘திறந்த’, ‘மூடிய’ என்னும் பகுப்பு இவ்வேறுபாட்டைப் பேசவே இடமளிக்காதது அதன் பெருங்குறை. ஒரு தளத்தை மதிப்பிடும் ஆய்வு, மூலநிரலின் உரிமத்தைக் கேட்டபின் நான்கு கேள்விகளையேனும் தொடர்ந்து கேட்கவேண்டும்: பகிரும் வழி யார் கையில், பணம் செல்லும் வழி யார் கையில், விதி மாறினால் யாருக்கு முன்கூட்டித் தெரியும், மறுப்பை எங்கே எதிர்க்கலாம். இக்கேள்விகளை ஐஓஎஸ்ஸிடம் கேட்பது எளிது. அதன் விடைகள் தொடக்கத்திலிருந்தே வெளிப்படை. ஆண்டிராய்டிடம் கேட்கத்தான் தமிழ்க் கணிமை எழுத்துகள் தயங்கி வந்திருக்கின்றன.

அண்மை மாற்றம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டத்தால் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 பதிப்பு அங்கு மாற்றுக் கடைகளுக்கு இடமளித்தது. மூடிய தளம் சட்டத்தின் அழுத்தத்தால் ஒரு கண்டத்தில் சற்றுத் திறந்தது. எதிர்த்திசையில், 2025 ஆகஸ்டில் கூகுள் வேறோர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னிடம் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்ட நிரலாளர்களின் செயலிகளையே சான்றளிக்கப்பட்ட ஆண்டிராய்டுக் கருவிகளில் நிறுவ முடியும். பிளே ஸ்டோருக்கு வெளியே வழங்கப்படும் செயலிக்கும் இது பொருந்தும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் இது முதலில் நடைமுறைக்கு வரும் என்று அவ்வறிவிப்பு கூறியது. மோசடிச் செயலிகளைத் தடுப்பதே நோக்கம் எனக் கூகுள் விளக்கியது. பிறர் எழுதிய செயலிகளைத் தாம் தொகுத்து வழங்கும் தம் முறையே இதனால் முடிந்துவிடும் என எஃப்-டிராய்டு எதிர்த்தது. எதிர்ப்புகளுக்குப்பின், அனுபவமிக்க பயனர்கள் இடரை ஏற்று நிறுவிக்கொள்ள ஒரு தனிவழி தரப்படும் என நவம்பரில் கூகுள் தெரிவித்தது.

மோசடி என்பது கற்பனைக் காரணமன்று. வங்கியின் பெயரிலும் மின்வாரியத்தின் பெயரிலும் குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டுச் செயலியை நிறுவிப் பணமிழந்தவர்களின் செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ஆனால் தீர்வு அமைந்த இடம் கவனத்திற்குரியது. ஆண்டிராய்டைத் திறந்தது என்று அழைக்க நிரலாளர்க்கு எஞ்சியிருந்த நடைமுறைக் காரணம், கடைக்கு வெளியே யாரிடமும் கேளாமல் செயலி வழங்கும் வழி. அவ்வழிக்கும் இனிப் பதிவேடு ஒன்று வருகிறது; பதிவேடு அரசிடமோ பொது அமைப்பிடமோ இராது, கூகுளிடம் இருக்கும். அப்பதிவேடு முதலில் திறக்கப்படும் நான்கு நாடுகளுள் சிங்கப்பூர், தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டது. செல்லினம் முதன்முதலில் அறிமுகமான நாடும் அதுவே. அங்கு இவ்விதி தமிழ்க் கருவிகளை எவ்வாறு தொடுகிறது என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்வது, இந்தியாவில் அது நடைமுறைக்கு வருமுன் ஆய்வாளர்கள் செய்யத்தக்க உடனடிப் பணி.